வெறுக்க மறுத்தவர்களை வீட்டுக்கு அனுப்பும் தேர்தல்

2010 ஜூன் 22ஆம் தேதி அமெரிக்காவின் தென் கரோலைனாவில் பாப் இங்லிஸ் தோற்றுப்போனார். பிரதிநிதிகள் சபையில் ஆறாவது முறையாக உட்கார்ந்திருந்த குடியரசுக் கட்சிக்காரர் அவர். அவரைத் தோற்கடித்தவர்கள் அவருடைய சொந்தக் கட்சி வாக்காளர்கள்தான். அதுவும் ஏறத்தாழ 70க்கு 30 என்ற கணக்கில். பதவியில் இருப்பவரை உட்கட்சித் தேர்தலில் இப்படித் தூக்கி எறிவது அங்கே அபூர்வம்.

இங்லிஸ் எந்த அளவுக்கு மிதவாதி என்று அவருடைய வாக்குப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். கருக்கலைப்பை எதிர்த்தவர். வரி உயர்வை எதிர்த்தவர். ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர். பழமைவாத அமைப்புகள் உறுப்பினர்களுக்குப் போடும் மதிப்பெண்ணில் எப்போதும் உயர்ந்த இடத்தில் இருந்தவர். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் வேறு. 2008இல் வங்கிகளைக் காப்பாற்ற அரசு 70,000 கோடி டாலர் ஒதுக்கியபோது ஆதரித்தார். புவி வெப்பமாதல் உண்மை என்றார், கார்பனுக்கு வரி போடலாம் என்று மசோதாவே கொண்டுவந்தார். 2009 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் ஒபாமா பேசும்போது ‘நீ பொய் சொல்கிறாய்’ என்று கத்திய தன் மாநிலத்துச் சக உறுப்பினர் ஜோ வில்சனைக் கண்டிக்கும் தீர்மானத்தில், கட்சியின் ஏழே பேரில் ஒருவராக ஆதரித்து வாக்களித்தார். தொகுதிக் கூட்டமொன்றில், மக்களிடம் பயத்தை வளர்க்கும் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கிளென் பெக்கைப் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று சொல்லி, கூடியிருந்தவர்களின் கூச்சலை வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒபாமாவை சோஷலிஸ்ட் என்று திட்டச் சொன்ன ஆதரவாளர்களிடம், அது உண்மையில்லை, சொல்லமாட்டேன் என்றார்.

இந்தப் பட்டியலின் முதல் பாதி கொள்கை சார்ந்தது. பின்பாதியில் கொள்கை என்று எதுவுமில்லை. எதிர்க்கட்சிக்காரனை எப்படி நடத்துவது என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்க மிதவாதிகளுக்கு என்ன ஆனது என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பின்பாதியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கோபத்தோடு வந்த வாக்காளர்கள் தங்கள் பிரதிநிதியிடம் கேட்டது கொள்கை மாற்றத்தை விடப் பெரிய ஒன்று. தங்கள் வெறுப்பில் அவரும் பங்கெடுக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

அந்தக் கோபம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி சரிந்தது. வீட்டுக் கடன் கட்ட முடியாமல் லட்சக்கணக்கானோர் வீட்டை இழந்தார்கள். 2009 அக்டோபரில் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது. வங்கிகளுக்கு மட்டும் அரசுப் பணம் போனது, பெரிய அதிகாரிகள் யாரும் சிறைக்குப் போகவில்லை. இந்தச் சூழலில்தான் புதிய ஜனாதிபதி மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தைக் கையில் எடுத்தார்.

ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றத்துக்கு விடுமுறை. உறுப்பினர்கள் ஊருக்குத் திரும்பி, பள்ளிக்கூட அரங்கிலோ தீயணைப்பு நிலையத்திலோ நூலகத்திலோ தொகுதி மக்களைச் சந்திப்பார்கள். ‘டவுன் ஹால்’ கூட்டம் என்று பெயர். வழக்கமாக முப்பது, நாற்பது பேர் வருவார்கள். சாலை, ஓய்வூதியம், முன்னாள் படைவீரர் மருத்துவமனை என்று கேட்பார்கள். 2009 கோடையில் நூற்றுக்கணக்கில் திரண்டார்கள், கத்தினார்கள். சில இடங்களில் காவலர்கள் துணையோடு உறுப்பினர் வெளியேற வேண்டியிருந்தது. அமெரிக்கன்ஸ் ஃபார் பிராஸ்பெரிட்டி, ஃப்ரீடம்வொர்க்ஸ் போன்ற, பெரும்பணம் பின்னால் நின்ற அமைப்புகள் ஆள்திரட்ட உதவின என்பது உண்மை. அதனால் எல்லாமே கூலிக்குப் போட்ட கூச்சல் என்று ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் சிலர் தள்ளிவிட்டார்கள். அது பெரும் பிழை. ஊருக்குள் எரியாத நெருப்பை வெளியிலிருந்து வருபவன் விசிறிவிட முடியாது.

இங்லிஸின் தொகுதியில் சிம்ப்சன்வில் ஊரில் நடந்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ‘என் மெடிகேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது’ என்றார். மெடிகேர் என்பது 1965இல் அரசாங்கமே தொடங்கி அரசாங்கமே நடத்தும், முதியோருக்கான மருத்துவக் காப்பீடு. நாடு முழுக்க அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. புதிய சட்டத்தின் செலவில் ஒரு பெரும்பகுதி, மெடிகேருக்கு வருங்காலத்தில் கூட வேண்டிய ஒதுக்கீட்டைக் குறைத்துத்தான் ஈடுகட்டப்பட இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தீடா ஸ்காச்போலும் வனெஸா வில்லியம்சனும் ஒபாமா ஆட்சியை எதிர்த்து 2009இல் எழுந்த ‘டீ பார்ட்டி’ என்ற பழமைவாத இயக்கத்தவரை நேரில் சந்தித்துச் செய்த ஆய்வில் ஒரு விஷயம் தெளிவானது. அவர்கள் அரசு உதவியை மொத்தமாக வெறுக்கவில்லை. உழைத்துச் சம்பாதித்த உரிமை, உழைக்காதவனுக்குப் போகும் இலவசம் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். இலவசம் பெறும் ‘அவர்கள்’ யார் என்பதில் இனமும் குடியேற்றமும் தலைமுறையும் கலந்திருந்தன. சிம்ப்சன்வில் மனிதரின் சொற்களில் தகவல் பிழை இருந்தது, ஆனால் அவருடைய பயத்துக்கு ஓர் அடிப்படை இருந்தது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல யாரும் இல்லாத இடத்தில் வெறுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

டெலவேர் மாநிலத்தில் மைக் காஸ்லுக்கு நடந்தது இதைவிட வெளிப்படையானது. இரண்டு முறை ஆளுநர், பிறகு 1993 முதல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். இரு கட்சியினரும் மதித்த மனிதர். 2009 கோடையின் தொடக்கத்தில் அவர் நடத்திய கூட்டத்தில் ஒரு பெண் தன் பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயர்த்திக் காட்டி, ஒபாமா அமெரிக்கக் குடிமகனே இல்லை, கென்யாவில் பிறந்தவர், என் நாடு எனக்குத் திரும்ப வேண்டும் என்று முழங்கினார். அரங்கம் ஆர்ப்பரித்தது. காஸ்ல் அமைதியாக, அவர் அமெரிக்கக் குடிமகன்தான் என்றார். ஊளைச் சத்தம் எழுந்தது. அதன்பின் அந்தப் பெண் எல்லோரையும் எழுந்து நின்று தேசிய உறுதிமொழி சொல்லச் செய்தார். காஸ்லும் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது.

காஸ்ல் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று அவர் சொன்னது ஒரே ஓர் உண்மைத் தகவல். அந்தத் தகவலைச் சொன்னதே துரோகமாகிவிட்டது. அதற்கு முன் 2008 அக்டோபரில் மின்னசோட்டாவின் லேக்வில்லில், ஜனாதிபதி வேட்பாளர் ஜான் மெக்கெய்னுக்கும் இதே அனுபவம். ஒபாமா ஓர் அரபியர் என்று சொன்ன பெண்ணிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கி, இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், எனக்கு அவரோடு கருத்து வேறுபாடு உண்டு, அவ்வளவுதான் என்றார். அந்தக் கூட்டத்திலேயே, ஒபாமாவைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை என்று அவர் சொன்னபோது அவருடைய ஆதரவாளர்களே கூச்சலிட்டு மறுத்தார்கள்.

கோபம் எப்படித் தேர்தல் தோல்வியாக மாறுகிறது என்பது நம் வாசகர்களுக்குச் சற்றுப் புதிதான விஷயம். தமிழ்நாட்டில் வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை வெளியிடும், அதோடு முடிந்தது. அமெரிக்காவில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவே ஒரு தேர்தல் உண்டு. பிரைமரி என்பார்கள். கட்சிப் பெருந்தலைகள் மூடிய அறைக்குள் வேட்பாளரை முடிவு செய்வதை ஒழிக்க வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சினின் ராபர்ட் லா ஃபாலட் போன்ற சீர்திருத்தவாதிகள் போராடிப் பெற்றது அது. நோக்கம் நல்லது. ஆனால் பிரைமரியில் வாக்களிக்க வருபவர்கள் குறைவு. பல மாநிலங்களில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் வாக்களிக்க முடியும். வருபவர்களில் கோபக்காரர்களின் பங்கு அதிகம்.

2010 செப்டம்பரில், நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் ஓர் இடத்துக்கான டெலவேர் குடியரசுக் கட்சி பிரைமரியில் சுமார் 57,000 பேர் வாக்களித்தார்கள். காஸ்லை கிறிஸ்டின் ஓடனல் ஏறத்தாழ 3,500 வாக்குகளில் தோற்கடித்தார். நவம்பர் பொதுத் தேர்தலில் அதே மாநிலத்தில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்து, ஓடனலைத் தோற்கடித்து ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸை அனுப்பினார்கள். அந்த மூன்று லட்சம் பேரில் பெரும்பான்மையோர் காஸ்லைத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடும் என்றே அன்றைய கருத்துக் கணிப்புகள் காட்டின. அவர்கள் முன்னால் அந்தப் பெயர் வைக்கப்படவே இல்லை. யூட்டா மாநிலத்தில் இன்னும் குறுகலான வாசல். மூன்று முறை செனட்டராக இருந்த பாப் பென்னட், 2010 மே மாதம் சுமார் 3,500 பிரதிநிதிகள் கூடிய கட்சி மாநாட்டில் மூன்றாவதாக வந்து, பிரைமரிக்குக் கூடப் போக முடியாமல் வீடு திரும்பினார்.

பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர் இரண்டு வாசல்களிலும் தடுக்கப்பட்டவர். 1981 முதல் குடியரசுக் கட்சி செனட்டர். 2009 பிப்ரவரியில் ஒபாமாவின் பொருளாதார மீட்புத் திட்டத்துக்கு வாக்களித்தார். இனி என் கட்சியின் பிரைமரியில் பிழைக்க முடியாது என்று தெரிந்ததும் ஏப்ரலில் ஜனநாயகக் கட்சிக்குத் தாவினார். ஆகஸ்டில் லெபனன் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் அவர் முகத்துக்கு நேரே நின்று, ஒரு நாள் கடவுள் உங்களுக்குத் தீர்ப்பு வழங்குவார் என்று கத்தினார். அடுத்த ஆண்டு மே மாதம் புதிய கட்சியின் பிரைமரியிலும் ஸ்பெக்டர் தோற்றார். அவர் தாவியதில் சுயநலம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நடுவில் நிற்க இடமே இல்லாமல் போனதற்கு அவரைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

அந்த நடு இடம் முன்பு இருந்தது. 1964இல் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமைகள் சட்டம் செனட்டில் 73க்கு 27 என்று நிறைவேறியபோது, ஆதரித்தவர்களிலும் எதிர்த்தவர்களிலும் இரு கட்சியினரும் இருந்தார்கள். தெற்கில் பழமைவாத ஜனநாயகக் கட்சியினர், வடகிழக்கில் தாராளவாதக் குடியரசுக் கட்சியினர் என்று கட்சிக்குள்ளேயே கலவை இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு தெற்கு மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சியின் பக்கம் நகர்ந்தது, வடகிழக்கு எதிர்த் திசையில் போனது. முப்பது, நாற்பது ஆண்டுகளில் மதம், இனம், நகரம், கிராமம், படிப்பு எல்லாம் ஒரே கோட்டில் வந்து கட்சியோடு ஒட்டிக்கொண்டன. அரசியல் அறிஞர் லிலியானா மேசன் இதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டுகிறார். முன்பு ஒரே தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேறு கட்சிக்காரராக இருப்பார். இப்போது கட்சி தோற்றால் மதமும் ஊரும் இனமும் சேர்ந்து தோற்றதுபோல் வலிக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாந்தோ அய்யங்காரும் சக ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டிய ஓர் ஒப்பீடு இந்த வலியை அளந்து காட்டுகிறது. உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரைக் கல்யாணம் செய்தால் வருத்தப்படுவீர்களா என்று 1960இல் கேட்டபோது, இரு கட்சியிலும் ஆம் என்றவர்கள் சுமார் 5 விழுக்காடு. 2010இல் குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழ பாதிப் பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர். கல்யாணத்துக்குச் சாதி பார்க்கும் சமூகத்திலிருந்து வரும் நமக்கு இந்தக் கேள்வியின் கனம் உடனே புரியும். பியூ ஆய்வு மையத்தின் 2022 கணக்கெடுப்பில், எதிர்க்கட்சியினர் மற்ற அமெரிக்கர்களைவிட ஒழுக்கம் கெட்டவர்கள் என்றவர்கள் குடியரசுக் கட்சியினரில் 72 விழுக்காடு, ஜனநாயகக் கட்சியினரில் 63. 2016இல் இது 47, 35 என்று இருந்தது.

தொகுதி எல்லைகளைக் கட்சிகள் தங்கள் வசதிக்கு வளைத்து வரைவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அது ஓரளவுதான் உண்மை. செனட்டுக்கு முழு மாநிலமே தொகுதி, யாரும் எல்லையை வளைக்க முடியாது. அங்கும் பிளவு இதே ஆழத்தில் இருக்கிறது. ஒலிபரப்பில் இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதி 1987இல் கைவிடப்பட்டதும், அதன்பின் வந்த வானொலிப் பேச்சாளர்களும் 24 மணி நேரச் செய்தி அலைவரிசைகளும் கோபத்தை அன்றாடப் பழக்கமாக்கின. சமூக ஊடகம் பின்னர் வந்தது. 2009இன் கூட்டங்களுக்கு வந்தவர்களில் பலர் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த முதியவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

லிஸ் செனியின் கதை என் வாதத்துக்கு வலுவான சான்று. வயோமிங்கின் உறுப்பினரான அவர், டிரம்ப் ஆட்சியில் பத்துக்கு ஒன்பது முறைக்கும் மேல் டிரம்பின் நிலைப்பாட்டோடு ஒத்து வாக்களித்தவர். 2021 ஜனவரி 6ஆம் தேதி நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு, டிரம்பைப் பதவிநீக்கம் செய்யும் தீர்மானத்தை ஆதரித்தார். மே மாதம் அவரைக் கட்சிப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டு எலிஸ் ஸ்டெஃபானிக்கை அமர்த்தினார்கள். ஸ்டெஃபானிக் 2017இல் டிரம்பின் வரிக்குறைப்புச் சட்டத்தையே எதிர்த்து வாக்களித்தவர், பல விஷயங்களில் செனியைவிட மிதமானவர். கொள்கைதான் அளவுகோல் என்றால் இந்த மாற்றத்துக்கு விளக்கமே கிடையாது. 2022 ஆகஸ்டு பிரைமரியில் செனி 37 விழுக்காட்டுப் புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றார்.

அந்தத் தீர்மானத்தை ஆதரித்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பத்துப் பேர். நால்வர் மீண்டும் போட்டியிடவில்லை. நால்வர் பிரைமரியில் தோற்றார்கள். மிஞ்சியவர்கள் இருவர்: வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ், கலிஃபோர்னியாவின் டேவிட் வலடாவோ. இந்த இரண்டு மாநிலங்களிலும் கட்சிவாரி பிரைமரி கிடையாது. எல்லா வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில், எல்லா வாக்காளர்களும் வாக்களிக்கலாம், முதல் இருவர் பொதுத் தேர்தலுக்குப் போவார்கள். முறை மட்டுமே காப்பாற்றிவிடும் என்பதும் இல்லை. அதே வாஷிங்டனில் ஹைமே ஹெரேரா பியூட்லர் மூன்றாவதாக வந்து வெளியேறினார். ஆனாலும் பத்தில் பிழைத்த இருவரும் இப்படிப்பட்ட மாநிலங்களிலிருந்தே வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோற்ற நால்வரில் மிச்சிகனின் பீட்டர் மையரும் ஒருவர். அவரை எதிர்த்த டிரம்ப் ஆதரவாளரைப் பிரபலமாக்கும் விளம்பரங்களுக்கு ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு நான்கு லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. தீவிரவாதியைப் பொதுத் தேர்தலில் தோற்கடிப்பது எளிது என்பது கணக்கு. கணக்கு பலித்தது, அந்த இடம் அவர்களுக்குக் கிடைத்தது. ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டே, ஜனநாயகத்துக்காகத் தன் பதவியைப் பணயம் வைத்த ஒருவரை அகற்றப் பணம் கொடுத்த செயலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜனநாயகக் கட்சியின் வாக்காளர்களும் இதற்கு விலக்கில்லை. ஈராக் போரை ஆதரித்த செனட்டர் ஜோ லீபர்மன் 2006இல் தன் பிரைமரியில் தோற்று, சுயேச்சையாக நின்று வென்றார். அரிசோனாவின் செனட்டர் கிர்ஸ்டன் சினமாவை 2021இல் போராட்டக்காரர்கள் பல்கலைக்கழகக் கழிப்பறைக்குள்ளேயே பின்தொடர்ந்து படம்பிடித்தார்கள். மறு ஆண்டு அவர் கட்சியை விட்டே போனார். 2017இல் டவுன் ஹால் கூட்டங்களில் கத்தும் முறை திசை மாறியது. யூட்டாவின் ஜேசன் சாஃபெட்ஸ் உள்ளிட்ட குடியரசுக் கட்சியினர் திணறினார்கள். அதற்கு வழிகாட்டிய ‘இண்டிவிசிபிள்’ அமைப்பைத் தொடங்கியவர்கள், டீ பார்ட்டியிடமிருந்து பாடம் கற்றதாக வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆனால் மிதவாதிகளை மொத்தமாகக் களையெடுத்த வேலை குடியரசுக் கட்சிக்குள்தான் அதிகம் நடந்தது. இரண்டும் சமம் என்று எழுதுவது நடுநிலையாகத் தோன்றும், உண்மையாக இருக்காது.

கத்தல் எங்கே போய் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். 2011 ஜனவரி 8ஆம் தேதி அரிசோனாவின் டூசானில், கடை வாசலில் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த மிதவாத ஜனநாயகக் கட்சி உறுப்பினர் கேபி கிஃபோர்ட்ஸ் தலையில் சுடப்பட்டார். ஆறு பேர் இறந்தார்கள். சுட்டவன் மனநோயாளி, கட்சி அரசியலோடு அவனை முடிச்சுப் போட முடியாது. ஆனால் 2017இல் பேஸ்பால் பயிற்சியில் குடியரசுக் கட்சியினரைச் சுட்டு, அக்கட்சி உறுப்பினர் ஸ்டீவ் ஸ்கலீஸைப் படுகாயப்படுத்தியவன், அவர்கள் எந்தக் கட்சி என்று தெரிந்தே வந்தான். 2025 ஜூனில் மின்னசோட்டா மாநிலப் பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சிக் குழுத் தலைவராக இருந்த மெலிசா ஹோர்ட்மன் கணவரோடு வீட்டிலேயே கொல்லப்பட்டார். நாடாளுமன்றக் காவல்துறை விசாரித்த மிரட்டல்களும் கவலைக்குரிய பேச்சுகளும் 2017இல் 3,939. 2021இல் 9,625.

இதன் விளைவாக டவுன் ஹால் கூட்டங்களே அருகிவிட்டன. தொலைபேசி வழியாக, முன்கூட்டிப் பொறுக்கிய கேள்விகளோடு நடத்துகிறார்கள். 2025 மார்ச்சில் குடியரசுக் கட்சியின் தேர்தல் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஹட்சன், நேரடிக் கூட்டங்களைத் தவிர்க்குமாறு சக உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தினார். அரசுப் பணியாளர்கள் கூட்டமாக நீக்கப்பட்டதற்கு விளக்கம் கேட்டு மக்கள் வந்த நேரம் அது. சிம்ப்சன்வில் மனிதர் தவறான தகவலோடு வந்தாலும், திருத்திச் சொல்ல எதிரே இங்லிஸ் என்று ஒருவர் நின்றார். இன்று வருபவருக்கு எதிரே யாருமில்லை.

அலாஸ்கா வேறு வழியைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. அந்த மாநில செனட்டர் லிசா மர்கவ்ஸ்கி 2010இல் குடியரசுக் கட்சி பிரைமரியில் தோற்று, சீட்டில் அச்சிடப்படாத தன் பெயரை மக்களே எழுதி வாக்களிக்கக் கேட்டு வென்றார். 1954க்குப் பிறகு செனட்டில் அப்படி வென்றவர் அவர் ஒருவரே. 2020இல் அந்த மாநில மக்கள் கட்சிவாரி பிரைமரியையே நீக்கினார்கள். முதல் நால்வர் பொதுத் தேர்தலுக்குப் போகலாம், வாக்காளர்கள் முதல் தெரிவு, இரண்டாம் தெரிவு என்று வரிசைப்படுத்தலாம். இலங்கை வாசகர்களுக்கு ஜனாதிபதித் தேர்தலின் விருப்பு வாக்கு நினைவுக்கு வரும். பதவிநீக்க விசாரணையில் டிரம்புக்கு எதிராக வாக்களித்த மர்கவ்ஸ்கி 2022இல் இந்த முறையில், டிரம்ப் ஆதரித்த வேட்பாளரைத் தோற்கடித்தார்.

இந்த முறை வெறுப்பைக் குறைக்கும் என்பதற்குச் சான்றில்லை. வெறுக்க மறுப்பவரின் பெயர் பொதுத் தேர்தல் சீட்டு வரை வந்து சேர வழிசெய்கிறது, அவ்வளவுதான். அதற்கே கடும் எதிர்ப்பு. 2024 நவம்பரில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா வாக்காளர்கள் இதுபோன்ற திட்டங்களை நிராகரித்தார்கள். நெவாடாவில் இரு கட்சித் தலைமைகளும் எதிர்த்தன. அலாஸ்காவில் பழைய முறைக்கே திரும்பும் யோசனை அதே நாளில் வாக்கெடுப்புக்கு வந்து, ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றது.